நாதஸ்வரத்தைத் தலை நிமிர வைத்தவர்

ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளியில் முகூர்த்த நாள் வந்துவிட்டால் இரண்டு சத்தங்கள் போட்டி போடும். ஒன்று தொழிற்சாலைச் சங்கு. மற்றொன்று கல்யாண மேளம்.

இரவு வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் ஒரு பக்கம். காலை வேலைக்கு ஓடுகிறவர்கள் ஒரு பக்கம். நடுவே பட்டுப் புடவை சரசரக்க, ஓசூர் ரோஜா மணக்க, கல்யாணக் கூட்டம்!

1970களில் ஓசூருக்குத் தொழிற்பேட்டை வந்தது. நெல்லை, மதுரை, தஞ்சை என்று பல சீமைகளில் இருந்தும் வேலை தேடி வந்தார்கள். வந்தவர்கள் இங்கேயே குடித்தனம் வைத்துவிட்டார்கள். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கர்நாடக எல்லை. அதனால் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும்.

வீட்டுக்கு வீடு பேச்சு வேறு. சடங்கு வேறு. சாப்பாடும் வேறு. ஆனால் தாலி கட்டும் நேரத்தில் எல்லோருக்கும் வேண்டியது ஒன்றேதான். கெட்டிமேளம்! தமிழர் நாதஸ்வரம் என்பார். தெலுங்கர் சன்னாயி என்பார். கன்னடத்தார் வாலக என்பார். பெயர் எதுவானாலும் அந்த ஓசை கேட்டால்தான் அது கல்யாண வீடு.

அந்த நாதஸ்வரக்காரரை நீங்கள் உற்றுக் கவனித்தது உண்டா? அவர் மேடையில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து வாசிக்கிறார். உடம்பில் ஜிப்பா போட்டிருக்கிறார். தலையில் கிராப்பு. கையில் இருப்பது நீண்ட கருவி. அதன் ஓசை காதைத் துளைக்காமல் கம்பீரமாக வருகிறது.

இவையெல்லாம் ஆதி காலத்தில் இருந்தே இருந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. இவற்றில் பெரும்பங்கு ஒரு தனி மனிதர் போராடித் தேடித் தந்தவை. அவர்தான் நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை.

அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் இன்று நாதஸ்வரத்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவருடைய மூச்சிலும் அவர் இருக்கிறார்.

மாமன் வீட்டுப் பிள்ளை

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் திருமருகல் என்று ஓர் ஊர். அங்கே 1898-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந்தேதி ராஜரத்தினம் பிறந்தார். தகப்பனார் பெயர் குப்புசாமி பிள்ளை. தாயார் கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம்.

சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். தாய்மாமன் அவரைத் தத்து எடுத்துக்கொண்டார். மாமன் யார்? திருமருகல் நடேச பிள்ளை. அந்தக் காலத்தில் பேர் சொன்னாலே போதும், அப்படிப்பட்ட நாதஸ்வர வித்வான்! டி. என். என்ற எழுத்துகள் திருமருகலையும் நடேச பிள்ளையையும் குறிப்பவை.

குடும்பத்துக்கு ஆதரவாக இருந்தது திருவாவடுதுறை ஆதீனம். இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள பழைய சைவ மடம் அது. தமிழையும் இசையையும் போற்றி வளர்த்த இடம். ராஜரத்தினம் என்ற பெயரும் மடத்தில் சூட்டியதுதான்.

பையனுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது வாய்ப்பாட்டு. சாரீரம் தேன் மாதிரி இருந்தது. பிற்காலத்தில் கூட அவர் வாய்ப்பாட்டுக் கச்சேரி செய்தது உண்டு. பிறகு அம்மாச்சத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதஸ்வரப் பயிற்சி.

முதலில் பாட்டு, பிறகு வாத்தியம். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் செய்த எல்லாப் புதுமைக்கும் வேர் இதில்தான் இருக்கிறது. அவர் குழலை ஊதவில்லை. குழலை வைத்துப் பாடினார்!

ஏழு துளையில் ஓர் உலகம்

நாதஸ்வரம் பார்ப்பதற்கு எளிய கருவி. மேலே சீவாளி. நடுவே மரத்தால் ஆன உலவு. கீழே பூ விரிந்தது போல் அணசு. விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள். ஓசை சரியாக அமைவதற்காக அடிப்பக்கத்தில் இன்னும் சில துளைகள்.

ஆர்மோனியத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கட்டை உண்டு. அமுக்கினால் சுரம் வந்துவிடும். நாதஸ்வரத்தில் அப்படி இல்லை. ஏழு துளையில் இருந்துதான் எல்லாச் சுரங்களையும் எடுக்க வேண்டும். விரலைப் பாதி மூட வேண்டும். உதட்டை இறுக்க வேண்டும். மூச்சைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் அபசுரம். அதுவும் நாலு தெருவுக்குக் கேட்கும் அபசுரம்!

தோடி போன்ற ராகத்தை இதில் வாசிப்பது இன்னும் கடினம். அதன் சுரங்கள் நேராக நிற்பவை அல்ல. அசைந்து, குழைந்து, வழுக்கி வருபவை. அந்தத் தோடியைத்தான் ராஜரத்தினம் தமக்கு என்று சொந்தமாக்கிக் கொண்டார். மணிக்கணக்காக வாசிப்பார். வந்தது திரும்ப வராது. கோவில் வாசலில் உட்கார்ந்த கூட்டம் விடியும் வரை எழுந்திருக்காது.

கிராமபோன் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் இடம் உண்டு. கடலைச் செம்பில் அடைக்கிற வேலை! ஆனாலும் அவருடைய தோடி இசைத்தட்டு ஊர் ஊராகப் பரவியது. காப்பிக் கடையிலும் கல்யாண வீட்டிலும் அது சுழன்றது. தோடி என்றால் ராஜரத்தினம், ராஜரத்தினம் என்றால் தோடி என்று ஆயிற்று.

ஆச்சாரியின் பட்டறை

அவர் காலத்தில் இருந்த நாதஸ்வரத்துக்குத் திமிரி என்று பெயர். அளவில் சிறியது. சுருதி நாலு, ஐந்து கட்டை. அதாவது மிகவும் உச்சமான ஓசை. சுவாமி புறப்பாட்டின்போது ஊர் முழுவதும் கேட்பதற்கு அது ஏற்றது. ஆனால் எதிரில் உட்கார்ந்து நிதானமாக ரசிப்பதற்கு ஏற்றது அல்ல.

ஆண்கள் சாதாரணமாகப் பாடுவது ஒன்று, ஒன்றரைக் கட்டையில். ராஜரத்தினம் பாட்டுக்காரர் ஆயிற்றே! தம் வாயில் வருகிற குழைவு கருவியில் வரவில்லையே என்ற தாகம் அவருக்கு இருந்தது. சுத்த மத்திமம் என்ற சுரமும் பழைய கருவியில் சரியாகப் பேசவில்லை.

திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை. அங்கே ரங்கநாதன் ஆச்சாரி என்ற கைதேர்ந்த தொழிலாளி. மரத்தைத் தட்டிப் பார்த்தே அதன் குரலைச் சொல்லக்கூடியவர். வித்வானும் ஆச்சாரியும் சேர்ந்தார்கள். நீளத்தைக் கூட்டினார்கள். துளையை மாற்றினார்கள். வாசித்துப் பார்த்தார்கள். மறுபடியும் கடைந்தார்கள். பல சோதனைகளுக்குப் பிறகு வந்தது பாரி நாதஸ்வரம்!

நீளம் கிட்டத்தட்ட இரண்டரை அடி. சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை. மனிதக் குரலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சுத்த மத்திமமும் சுத்தமாகப் பேசியது.

ஆனால் இதை வாசிப்பது லேசான காரியம் அல்ல. குழல் நீண்டால் துளைகளின் இடைவெளியும் நீளும். விரலை அகட்ட வேண்டும். மூச்சும் அதிகம் வேண்டும். ராஜரத்தினத்துக்கு அந்த மூச்சு இருந்தது. இன்று கச்சேரி மேடைகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பாரிதான்.

இந்தக் கருவிக்கு ஆச்சா மரம் வேண்டும். புது மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் இவற்றை வாங்கிக் கடைவார்கள். பல ஆண்டுகள் காய்ந்த மரம்தான் வெடிக்காமல், வளையாமல் நிற்கும். 2022-ம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு மத்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது.

குடுமி போயிற்று, கிராப்பு வந்தது

கருவியை மாற்றியதோடு அவர் நிற்கவில்லை. தம் இனத்துக் கலைஞரின் நிலையையும் மாற்றப் புறப்பட்டார்.

அந்தக் காலத்தில் பாட்டு வித்வானுக்கு மேடை உண்டு. பிடில் வித்வானுக்கு மேடை உண்டு. நாதஸ்வரக்காரருக்கு? தெரு! ஊர்வலத்தில் நடந்து கொண்டே வாசிக்க வேண்டும். பெரிய மனிதர் வீட்டில் நின்று கொண்டே வாசிக்க வேண்டும். மேலே சட்டை கூடாது. தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். சங்கீத ஞானத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் மரியாதையில் மட்டும் கடைசி வரிசை.

ராஜரத்தினம் இதை ஏற்க மறுத்தார். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார். பட்டு ஜிப்பா போட்டார். நீளக் கோட்டும் போட்டார். காதில் வைரக் கடுக்கன் மின்னியது. மேடை போட்டால்தான் வாசிப்பேன், உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். மற்ற வித்வான்களுக்கு என்ன சன்மானமோ அதற்குக் குறையாமல் கேட்டு வாங்கினார்.

சுருதிக்கு ஒத்து ஊதுவதுதான் பழைய வழக்கம். அவர் தம்புராவை வைத்துக்கொண்டார். வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு என்ன அந்தஸ்தோ, அது நாதஸ்வரத்துக்கும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

சிலர் இதைத் தலைக்கனம் என்றார்கள். சிலர் ஆடம்பரம் என்றார்கள். ஒருவர் ஜிப்பா போட்டதால் ஊரெல்லாம் ஏன் பேச வேண்டும்? அதுவரை போட விடவில்லை என்பதால்தானே! அவர் அணிந்தது துணி அல்ல, தன்மானம். அவருக்குப் பின்னால் வந்த ஆயிரம் கலைஞர்கள் சட்டை போட்டு உட்கார்ந்து வாசிப்பதற்கு அன்று அவர் பேச்சு வாங்கிக்கொண்டார்.

திரையில் காளமேகம், டெல்லியில் மங்கள இசை

அவர் புகழ் சினிமாவையும் எட்டியது. 1940-ம் ஆண்டில் காளமேகம் என்ற படம் வெளிவந்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் டைரக்டர். காளமேகப் புலவராக நடித்தவர் ராஜரத்தினம்.

1947-ம் ஆண்டு ஆகஸ்டு 14. நாடு விடுதலை பெறும் இரவுக்கு முந்திய மாலை. திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் ஒரு குழு டெல்லியில் ஜவகர்லால் நேருவைக் கண்டு செங்கோல் வழங்கியது. அந்தக் குழுவோடு சென்று மங்கள இசை முழங்கியவர் ராஜரத்தினம். திருமருகலில் தகப்பனை இழந்த பிள்ளை, ஒரு தேசம் பிறக்கும் நேரத்தில் நாதஸ்வரம் வாசித்தார்! அந்தச் செங்கோல் 2023 மே 28-ந்தேதி புதிய பாராளுமன்றக் கட்டிடத்தில் வைக்கப்பட்டது.

நிலவிலும் களங்கம்

அவரிடம் குறையே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும்.

முன்கோபம் அதிகம். குடிப்பழக்கம் இருந்தது. சொன்ன நேரத்துக்குக் கச்சேரிக்கு வராத நாட்கள் உண்டு. கூட்டம் காத்துக் கிடக்கும். கச்சேரி வைத்தவர் கையைப் பிசைவார். ஆனால் வந்து சீவாளியை உதட்டில் வைத்து ஓர் ஊது ஊதினால் போதும். திட்டிக் கொண்டிருந்தவர்களே கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள்.

பணம் வெள்ளமாக வந்தது. வெள்ளமாகவே போயிற்று. சேர்த்து வைக்கும் குணம் அவரிடம் இல்லை. 1956-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி சென்னையில் காலமானார். வயது 58. நிலமும் நீச்சும் விட்டுப் போகவில்லை. விட்டுப் போனது ஒரு வழி.

அக்கரையிலும் இதே கதை

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்த கதை அல்ல. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு கருவிக்கு இதே மாதிரி யோகம் அடித்தது.

அங்கே கிதார் நெடுநாளாகப் பக்கவாத்தியமாகப் பின்வரிசையில் இருந்தது. மின்சாரம் பாய்ந்ததும் அதற்குக் குரல் வந்தது. சக் பெர்ரி என்ற கறுப்பு இளைஞர் 1955-ல் தம் முதல் இசைத்தட்டைக் கொடுத்தார். ராக் அண்ட் ரோல் என்ற துள்ளல் இசையில் கிதார் முன்வரிசைக்கு வந்தது. அவருடைய விரல் வேலையைப் பார்த்துப் பார்த்து உலகம் முழுவதும் இளைஞர்கள் கிதார் தூக்கினார்கள். 1977-ல் அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய வாயேஜர் கலத்தின் தங்கத் தட்டில் அவர் பாட்டும் ஏறிப் போயிருக்கிறது.

கறுப்பரைப் பின்வாசலில் நிறுத்திய நாட்டில் ஒருவர். நாதஸ்வரக்காரரைத் தெருவில் நிறுத்திய நாட்டில் ஒருவர். ஒருவரை ஒருவர் அறியார். ஆனால் இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை. பின்னால் நின்ற கருவியை முன்னால் கொண்டு வந்து வைத்தார்கள்.

விதை முளைத்தது

ராஜரத்தினத்தின் செல்வாக்கு எங்கெல்லாம் பரவியது?

முதலில் காருகுறிச்சி அருணாசலம். நெல்லைச் சீமையில் 1921-ல் பிறந்தவர். குருவோடு கூடவே அமர்ந்து இரண்டாவது நாதஸ்வரம் வாசித்து வளர்ந்தார். 1962-ல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டு முழங்கியது அவருடைய நாதஸ்வரம். பட்டிதொட்டி எல்லாம் அந்தப் பாட்டு ஒலித்தது. 1964-ல் சிறு வயதிலேயே அவர் மறைந்தது நம் துரதிர்ஷ்டம்.

அடுத்தவர் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திரத்தில் கரவதி என்ற கிராமத்தில் 1924-ல் பிறந்த முஸ்லிம். தாய்மொழி வேறு, மதம் வேறு. ஆனால் ராஜரத்தினத்தின் வாசிப்பு அவரைத் தஞ்சைப் பாணிக்கு இழுத்து வந்தது. நாச்சியார்கோவிலில் பாடம் கற்றார். ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். 1998-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. ராஜரத்தினத்துக்குக் கிடைக்காத விருது அது! மூன்று மொழி பேசும் எல்லைச் சீமையில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கமாகத் தோன்றும்.

நாதஸ்வரக்காரர்கள் மட்டும்தானா? பாட்டுக்காரர்களும்தான். ஜி. என். பாலசுப்பிரமணியம் ராகம் பாடும் முறையில் நாதஸ்வரத்தின் பாய்ச்சல் தெரியும். அதற்கு மூலம் ராஜரத்தினம். பாட்டுக் கற்று வந்து குழலைப் பாட வைத்தவர், பிறகு பாட்டுக்காரர்களுக்கே பாடமானார்.

கதையிலும் அவர் சாயல் விழுந்தது. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தில்லானா மோகனாம்பாள் 1968-ல் படமாக வந்தது. அதில் சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசன் நடித்தார். மதுரை சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள். அந்தக் கதாநாயகனின் ரோஷத்தைப் பார்த்த ரசிகர்கள் பலருக்கு ராஜரத்தினத்தின் நினைவுதான் வந்தது.

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் பெயரால் ஒரு கலையரங்கமும் இருக்கிறது.

ஒரு நாற்காலி, ஒரு நிமிஷம்

மறுபடியும் மூக்கண்டப்பள்ளிக்கு வருவோம்.

மண்டபத்தில் நாதஸ்வரம் ஒலிக்கிறது. வித்வான் உயிரைக் கொடுத்து ஒரு தோடி வாசிக்கிறார். எதிரே உள்ள கூட்டம் என்ன செய்கிறது? செல்போனில் பேசுகிறது. போட்டோ எடுக்கிறது. பந்திக்கு இடம் பிடிக்கிறது. இன்னும் சில இடங்களில் ஆளே இல்லை. ஒலிபெருக்கியில் பதிவு செய்த கெட்டிமேளம்! ஒரு பொத்தானை அமுக்கினால் முடிந்தது.

இதில் வித்வான் வீட்டுப் பிள்ளை என்ன நினைப்பான்? அப்பா வாசிக்கும்போது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்கும் கடைசிப் பந்திதான். மாதச் சம்பளம் தரும் தொழிற்சாலை வாசல் பக்கத்தில் திறந்திருக்கிறது. அவன் கருவியை உறையில் போட்டுப் பரணில் ஏற்றினால் அவனைக் குறை சொல்ல முடியுமா?

தொழிற்சாலை வேலை கௌரவமான வேலை. அதில் ஐயம் இல்லை. ஆனால் விருப்பம் உள்ள பிள்ளையை அலட்சியத்தால் விரட்டுவது நாம்தானே!

கற்க விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே நாதஸ்வரமும் தவிலும் பாடங்கள். வித்வான் வீட்டில் பிறந்தவர்கள்தான் படிக்க வேண்டும் என்பது இல்லை. யார் வீட்டுப் பிள்ளையும் சேரலாம். பெண் பிள்ளைகளும் சேரலாம்.

படிக்காதவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த கல்யாணத்தில் மேளக்காரருக்கு நல்ல இடமாகப் பார்த்து ஜமக்காளம் விரியுங்கள். வேளையோடு சாப்பாடு போடுங்கள். பேசிய பணத்தை முகம் கோணாமல் கொடுங்கள். தாலி கட்டி முடிந்ததும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தி, அவர் என்ன வாசிக்கிறார் என்று கேளுங்கள்.

ஒருவேளை அது தோடியாக இருக்கலாம். கண்ணை மூடிக் கேட்டால், கடுக்கன் மின்ன, கிராப்புத் தலையோடு, நெஞ்சை நிமிர்த்தி ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரியும்.